பாதி பூட்ட முடியாத கதவு

நான் வாஷிங் மெஷினுக்கு மூளை எழுதுகிறவள். புனே பக்கம் ஹிஞ்சவாடியில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. துணியைப் போட்டு பட்டனைத் தட்டியதும் எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம், எத்தனை அலசல் என்று மெஷின் தானாகவே முடிவு செய்கிறதல்லவா, அந்த முடிவை எடுக்கும் விதிகளை எழுதுகிற கும்பலில் நானும் ஒருத்தி. "இதுக்கா இன்ஜினியரிங் படிச்சே?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் வீட்டுத் துணியையும் என் விதிகள்தான் துவைக்கின்றன என்று நினைத்துக்கொண்டு சிரித்துவிடுவேன்.

இந்த வேலைக்கு ஃபஸ்ஸி லாஜிக் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. சாதாரணக் கணினிக்கு ஆம், இல்லை என்ற இரண்டு சொல்தான் தெரியும். சட்டை அழுக்கு, அல்லது அழுக்கில்லை. ஆனால் ஒரு நாள் ஆபீசுக்குப் போட்டுப்போன சட்டை என்ன கணக்கு? நம் வீடுகளில் "சுமாரா அழுக்கு, ஒரு தடவை அலசினா போதும்" என்கிறோம். அந்த 'சுமாரா'வை மெஷினுக்குப் புரிய வைப்பதுதான் விஷயம். பூஜ்யம் என்றால் சுத்தம், ஒன்று என்றால் படு அழுக்கு, இந்தச் சட்டை 0.4 என்று நடுவில் ஓர் எண் கொடுப்போம். துணியின் எடைக்கு இன்னோர் எண். பிறகு, 'அழுக்கு சுமார், துணி அதிகம் என்றால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டு' என்பது போன்ற விதிகள். ஒவ்வொரு விதியும் அதற்குப் பொருந்துகிற அளவுக்குப் பேசும். எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் ஒரே எண்ணாக ஆக்குவோம். ஏனென்றால் மோட்டாருக்கு 'கொஞ்சம்' புரியாது. இருபத்திரண்டு நிமிடம் என்று சொன்னால்தான் அது ஓடும்.

எனக்கு இந்த வழி பிடித்ததற்குக் காரணம் உண்டு. நான் எதையும் சட்டென்று முடிவு செய்யத் தெரியாதவள். கல்யாணத்தையும் அப்படித்தான் செய்துகொண்டேன், அதிலிருந்து வெளியே வரவும் ஒன்பது வருடம் எடுத்துக்கொண்டேன். 'தெரியவில்லை' என்பதைக் கூட ஓர் எண்ணாக எழுதிக் காரியத்தை நடத்தலாம் என்று ஒரு படிப்பு சொன்னால், என்னைப் போன்ற மதில்மேல் பூனைக்கு வேறென்ன வேண்டும்?

அம்மா போன பிறகு அப்பா சாங்வியில் எங்கள் பழைய வீட்டில் ஒரு வருடம் தனியாக இருந்தார். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தைந்து வருடம் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் புனேவுக்கு ரயிலேறியவர். மராத்தியில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவார், இந்தியில் சண்டை போடுவார், வீட்டுக்குள் வந்ததும் ஒரு சொட்டுக் கலப்பில்லாத திருநெல்வேலித் தமிழ் பேசுவார். பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடெல்லாம் காஸ் நாற்றம் அடித்த ஒரு நாளில், வாகட்டில் என் ஃபிளாட்டுக்கு அவரை அழைத்து வந்தேன். பதினான்காவது மாடி. "என்னட்டி, காக்கா கூட கீழதான் பறக்கு" என்றார் முதல் நாள்.

வந்த நாலாவது மாதம் காணாமல் போனார். கீழே போய்ப் பேப்பர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவர் மூன்று மணி நேரம் வரவில்லை. நான் சொசைட்டியைச் சுற்றி, சாலையைச் சுற்றி, செருப்பு அறுந்து, யாரைப் பார்த்தாலும் போனில் அவர் படத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ஒரு டீக்கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. அப்பாவின் சட்டைப் பையில் இருந்த காஸ் ரசீதில் என் நம்பர் இருந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார், சாங்வி பஸ்ஸுக்கு. கடைக்காரர் என்னிடம் கேட்டார், இவருக்கு இந்தி தெரியாதா, நான் எது கேட்டாலும் வேறு பாஷையில் பதில் சொல்கிறாரே என்று. நாற்பது வருடம் பேசிய இந்தி அன்றைக்கு அவரை விட்டுப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "இவ்வளவு நேரமா பஸ்ஸு வரல பாத்துக்கோ" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நான் நடுரோட்டில் அழுதேன்.

டாக்டர், ஸ்கேன், மாத்திரை எல்லாம் ஆயிற்று. மறதி நோய், ஆரம்பம்தான், ஒரு நாள் நன்றாக இருப்பார், ஒரு நாள் இருக்கமாட்டார் என்றார்கள். எனக்குச் செவ்வாயும் வியாழனும் ஆபீசுக்குப் போயே ஆகவேண்டும். மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. அந்த இரண்டு நாளைக்கு ஆள் வைத்துப் பார்த்தேன். முதல் ஆளை அப்பா இந்தியில் திட்டி அனுப்பினார். இரண்டாவது ஆளைத் தமிழில் திட்ட, அவருக்குப் புரியாவிட்டாலும் புரிந்துவிட்டது. "என்னைப் பாத்துக்கிட ஆளு போட நான் என்ன கைப்பிள்ளையா?" என்பது அப்பாவின் கட்சி. வீட்டு வேலைக்கு வரும் அம்மா, இங்கே 'பாய்' என்பார்கள், அவர் மட்டும் பன்னிரண்டு மணிக்குத் தன் சாவியால் திறந்து வந்து, பாத்திரம் கழுவி, "ஆஜோபா, ஜேவா", தாத்தா சாப்பிடுங்கள், என்று அவரைச் சாப்பிட வைத்துவிட்டு ஒன்றரை மணிக்குப் போவார். மிச்ச நேரம்?

பெங்களூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"பூட்டிட்டுப் போக்கா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அப்பாவ உள்ள வச்சுப் பூட்டச் சொல்றியா?"

"பின்ன தெறந்து போட்டுட்டுப் போய் மறுபடி பஸ் ஸ்டாப்ல தேடப் போறியா? கேமரா ஒண்ணு வச்சுரு. காஸ ஆஃப் பண்ணிரு. அவ்ளோதான்."

அவன் சொல்வதில் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஐநூறு மைலுக்கு அப்பாலிருந்து தீர்மானம் சொல்வது ரொம்ப சுலபம். ஊருக்கு உபதேசம் என்பார்கள், இவன் அக்காவுக்கு உபதேசம்.

முதல் நாள் பூட்டியபோது சாவியைச் சத்தம் வராமல் திருப்பினேன். ஆனாலும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, வெளிய பூட்டிட்டா போற?"

"காத்துல கதவு அடிச்சிக்குதுப்பா. அதான்" என்றேன். லிஃப்ட் வருவதற்குள் படியிறங்கி ஓடினேன்.

அன்று பதினொரு மணிக்கு மீட்டிங். மெஷின் ஓடும்போது எவ்வளவு தண்ணீர் இருந்தால் கதவைத் திறக்கவிடக் கூடாது என்பதுதான் பேச்சு. மேஜைக்கடியில் போனில் வீட்டுக் கேமராவைப் பார்த்தேன். அப்பா கதவுக்கு முன்னால் நின்று கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கோபமாக அல்ல. ரிப்பேர் செய்கிறவர் போல நிதானமாக, மேலே, கீழே, மறுபடி மேலே. ஒரு நிமிடம் விட்டு மறுபடியும். நாற்பது நிமிடம். மீட்டிங்கில் என் கருத்தைக் கேட்டார்கள். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் இருதலைக் கொள்ளி எறும்பாக இருந்தேன். பூட்டினால் கைப்பிடி என் கண்ணுக்குள் திரும்பிக்கொண்டே இருக்கும். பூட்டாவிட்டால் பஸ் நிறுத்தம். தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று சொசைட்டி செகரட்டரி ஒருமுறை கேட்டுவிட்டுப் போனார். தீப்பிடிப்பதையும் அன்றிலிருந்து கனவில் பார்க்க ஆரம்பித்தேன். அப்பா ஒருத்தர்தான் உள்ளே அடைபட்டிருக்கிறார் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நான் ஆபீசில் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பதினான்காவது மாடியில்தான் இருந்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தொழில் புத்தி எங்கே போகும்? சட்டைக்குச் செய்கிறதை அப்பாவுக்குச் செய்தால் என்ன?

ஓர் அட்டவணை போட்டேன். மூன்று விஷயத்தை உள்ளே கொடுக்கவேண்டும். ஒன்று, காலையில் அப்பா எவ்வளவு தெளிவாக இருக்கிறார். காபி கொடுக்கும்போது பேச்சுவாக்கில் மூன்று கேள்வி: இன்றைக்கு என்ன கிழமை, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டோம், நான் யார். பதில் வருகிற விதத்தைப் பார்த்து பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் நானே ஓர் எண் போடுவேன். டக்கென்று சொன்னால் 0.9. கூரையைப் பார்த்துச் சொன்னால் 0.6. 'நான் யார்' என்பதை எப்போதும் விளையாட்டாகத்தான் கேட்பேன், "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று. இரண்டாவது, எவ்வளவு நிலைகொள்ளாமல் இருக்கிறார். செருப்பு மாட்டிக்கொண்டு ஹாலில் நடக்கிறாரா, ஜன்னலில் நின்று பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறாரா. மூன்றாவது, நான் எத்தனை நேரம் வெளியே இருப்பேன். 'தெளிவு சுமார், நிலைகொள்ளாமை அதிகம் என்றால் பூட்டுவதற்கான தேவை மிக அதிகம்' என்று பதினெட்டு விதிகள் எழுதினேன். கடைசியில் ஓர் எண் வரும். 0.5-க்கு மேல் வந்தால் பூட்டு. கீழே வந்தால் திறந்து விடு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் வந்தது. பூட்டுகிறது நான் இல்லை, எண். 0.63 என்று வந்தால் சாவியைத் திருப்பிவிட்டு லிஃப்டுக்கு நின்று போனேன், படியில் ஓடவில்லை. கேமராவைப் பார்ப்பது குறைந்தது. தம்பிக்கு அட்டவணையை அனுப்பினேன். "சூப்பர் க்கா, இத ஆப்பா போட்டு வித்துரலாம்" என்றான்.

அப்பாவுக்கு ஒரு நாள் விவரம் தெரிந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறார். அன்று நல்ல நாள். திங்கட்கிழமை.

"என்ன இது, ஆறு, ஏழுன்னு புள்ளி வச்சுப் போட்டிருக்க?"

சுற்றி வளைத்துச் சொன்னேன். அவருக்குப் பாதிதான் பிடிபட்டது, ஆனால் முக்கியமான பாதி.

"எங்க செக்‌ஷன்ல கேஜ்னு ஒண்ணு உண்டு. உருப்படிய அதுக்குள்ள விடணும். போச்சுன்னா பாஸ், போகலன்னா ரிஜெக்ட். பாதி போச்சு, முக்கால் போச்சுன்னு ஒரு பய சொல்ல முடியாது. நீ என்னட்டி, மனுசன முக்காலே அரைக்காலா அறுக்க?"

"மனுசன் இரும்பு இல்லியேப்பா. ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கீங்க. அதுக்குத்தான்."

"சரி, நான் முக்கால் நல்லாருக்கேன்னு வையி. கதவ முக்காலா தெறந்து வைக்கப்போறியா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டது சரி என்பதால் வந்த கோபம். "இட்லி ஆறுது, வாங்க" என்று லேப்டாப்பை மூடினேன்.

ஆறு மாதம் இப்படி ஓடியது. டாக்டரிடம் போகும் நாள் வந்தது. ஔந்தில் இருக்கும் அந்த டாக்டரம்மா, மராத்திக்காரர், அதிகம் பேசமாட்டார். காலை நேரத் தெளிவை எங்காவது குறித்து வைத்தால் நல்லது என்று முந்தின தடவை சொல்லியிருந்தார். குறித்து வைப்பதா, என்னிடமா? நான் வேலை நாள், வீட்டு நாள், ஞாயிறு என்று ஒரு நாள் விடாமல் கேட்டு எழுதியிருந்தேன். அத்தனையையும் வண்ண வண்ணக் கோடுகளாக வரைந்து பிரிண்ட் எடுத்துப் போனேன். உள்ளூரப் பெருமைதான். எந்தப் பேஷண்டின் மகள் இப்படிக் கொண்டுவருவாள்?

டாக்டர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பேனா முனையால் பள்ளமாக இருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கீழே இருந்த கிழமைகளைப் பார்த்தார். பிறகு இந்தியில் கேட்டார்.

"மேடம், ஆப்கே பிதாஜி சிர்ஃப் மங்கள்வார் அவுர் குருவார் கோ பூல்தே ஹைன் க்யா?"

உங்கள் அப்பா செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் மறக்கிறாரா?

கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். தாளை வாங்கிப் பார்த்தேன். நானே வரைந்த கோடு. திங்கள் மேலே, செவ்வாய் கீழே, புதன் மேலே, வியாழன் கீழே, வெள்ளி சனி ஞாயிறு சமவெளி. ஆறு மாதமும் பல் பல்லாக, ரம்பம் மாதிரி. கூரையைப் பார்த்துச் சொன்ன பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை 0.7 போட்டிருக்கிறேன். அதே பதிலுக்குச் செவ்வாய்க்கிழமை 0.4. செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தால் புதன்கிழமை 'வாக்கிங்', வியாழக்கிழமை 'நிலைகொள்ளாமை'. ஆறு மாதமாக நான் அளந்தது அப்பாவை இல்லை. எனக்கு எப்போது பூட்டவேண்டுமோ, அப்போது அவருக்கு மறதி வந்திருந்தது.

ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்வேன்: விதி எழுதுகிறவர் கையாலேயே அளவும் எடுக்கக் கூடாது, அளவு பொய் சொல்லும். வாய் கிழியச் சொல்வேன். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டாக்டரின் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்று ரிக்‌ஷாவில் திரும்பும்போது ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் என் கை படாத அளவு வேண்டும். வீட்டுக்கு வந்து சோபாவில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து நேராகவே சொன்னேன்.

"அப்பா, ஆபீஸ் போற நாள்ல மூணு கேள்வி கேப்பேன். கிழமை, ராத்திரிச் சாப்பாடு, நான் யாரு. மூணும் சரியா சொன்னா கதவப் பூட்டமாட்டேன். ஒண்ணு தப்பினாலும் பூட்டுவேன். இதுல என் இஷ்டம் ஒண்ணும் கிடையாது."

"பரீட்சையா?"

"அப்படித்தான்னு வச்சுக்கோங்க."

"மூணுக்கு மூணு எடுக்கணுமா? எங்க காலத்துல முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்" என்றார். இருவரும் சிரித்தோம். ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டில் சிரித்தது.

முதல் செவ்வாய் மூன்றுக்கு மூன்று. என்னால் நம்ப முடியவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போனேன். வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தேன், கேட்டைத் தாண்டினால் போன் செய்யுங்கள் என்று. அன்று பூரா போனைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். பத்து மணிக்கு அப்பா கிளம்பினார். லிஃப்டில் கீழே போய், சொசைட்டித் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து, பாய் வரும் நேரத்துக்கு அவரோடேயே மேலே வந்துவிட்டார். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு பெஞ்சு. இதற்கா ஆறு மாதம் பூட்டி வைத்தேன்?

வியாழன் மூன்றுக்கு மூன்று. அடுத்த செவ்வாய் மூன்றுக்கு மூன்று. பதில்கள் டக்டக்கென்று வந்தன, என்ன ஒன்று, கேள்வி கேட்டதும் கொஞ்சம் குனிந்து மடியைப் பார்த்துக்கொள்வார். பரீட்சை பயம் என்று நினைத்தேன். தம்பிக்குப் போன் செய்து, "அப்பாக்கு ஒண்ணும் இல்லடா, எல்லாம் என் கோளாறுதான்" என்று பீற்றிக்கொண்டேன். இப்படிச் சந்தோஷமாக யாராவது தன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பார்களா தெரியாது. புது மாத்திரை வேலை செய்கிறது என்றான் அவன். பெஞ்சு வேலை செய்கிறது என்றேன் நான்.

ஐந்தாவது வியாழன். காபியைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல் எதிரே உட்கார்ந்தேன்.

"என்ன கிழமைப்பா?"

"வியாழன்."

"ராத்திரி என்ன சாப்பிட்டோம்?"

"தோசை."

"நான் யாரு?"

"மக."

"பாஸ்" என்று எழுந்தேன். என் துப்பட்டா டம்ளரில் பட்டுக் காபி அப்பாவின் கையில் கொட்டியது. நல்ல கொதிக்கிற காபி. இடக்கையைச் சுருட்டிக்கொண்டார். பதறிப்போய் அவரை இழுத்துக்கொண்டு சமையலறைக் குழாய்க்கு ஓடினேன். தண்ணீரைத் திறந்தேன். அவர் கையைக் கொடுக்கமாட்டேன் என்கிறார். விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு பின்னால் இழுக்கிறார்.

"விரிங்கப்பா, கொப்பளிச்சிரும், விரிங்க."

"வேண்டாம்ட்டி. தண்ணில காட்டாத. அழிஞ்சிரும்."

"என்ன அழியும்?"

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளங்கையில் நீல மையில், இன்ஸ்பெக்‌ஷன் அட்டையில் எழுதுகிற அதே பொடி எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று வரி.

வியாழன்.
ராத்திரி தோசை.
இது மக.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. காப்பியடித்து மாட்டிய பையனைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழமையைக் காலைப் பேப்பரைப் பார்த்து எழுதியிருப்பார். தோசையை ராத்திரியே, சாப்பிட்டு முடித்த கையோடு எழுதியிருப்பார். மூன்றாவது வரியை எப்போது எழுதினார், யாரைப் பார்த்து எழுதினார் என்று நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. கையை மெதுவாக மூடிவிட்டேன். புறங்கையில்தான் சிவந்திருந்தது. மருந்து தடவினேன். "ஒண்ணும் ஆகல, உக்காருங்க" என்றேன்.

லேப்டாப்பில் பழைய அட்டவணையைத் திறந்து உட்கார்ந்தேன். இதற்கு என்ன எண் போடுவது? எழுதி வைத்துக்கொண்டால்தான் மகளைத் தெரிகிறது என்றால் பூஜ்யத்துக்குப் பக்கம். ஆனால் செவ்வாய், வியாழன் பரீட்சை உண்டு, தோற்றால் கதவு பூட்டப்படும், ஜெயிக்க இதுதான் வழி என்று ஒவ்வொரு வாரமும் நினைவு வைத்துத் திட்டம் போட்ட மூளைக்கு என்ன எண்? ஒரே மனிதர், ஒரே காலை. இரண்டும் உண்மை. பதினெட்டு வருடமாக இதுதான் என் வேலை, 'இதுவும் கொஞ்சம், அதுவும் கொஞ்சம்' என்பதை எண்ணாக்குவது. எனக்கு வரவில்லை. பரீட்சை விதிப்படி மூன்றுக்கு மூன்று என்று போட்டேன். 0.24 என்று வந்தது. திறந்து விடு.

கேப்காரர் இரண்டு முறை போன் அடித்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டேன். அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பாஸ்தானே?" என்றார்.

"பாஸ்தான்பா."

வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். பூட்டினேன். எண் பூட்டவில்லை, தம்பி பூட்டவில்லை, டாக்டர் பூட்டவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர், கையில் எழுதியதும் வியர்வையில் அழிந்துபோய், யார் வந்து நின்றாலும் தெரியாமல். அது மட்டும்தான் என் கண் முன்னால் இருந்தது. பயந்துபோய் நான்தான் பூட்டினேன்.

கேப் சிக்னலில் நின்றபோது போனைத் திறந்தேன். அப்பா செருப்பு மாட்டிக்கொண்டு கதவருகே வந்திருந்தார். கைப்பிடியைத் திருப்பினார். ஒரு தடவைதான். உள்ளே போய்ப் பேப்பரை எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்தார். கிழமையைப் பார்த்தார். இடக்கையை விரித்துப் பார்த்தார். மறுபடி பேப்பரைப் பார்த்தார். எங்கே தப்பு விட்டோம் என்று வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார்.